சீமைக்கருவேலத்தில் சர்க்கரை: அமிலம் எங்கே போகிறது?

தேரிக்காட்டான்:
நாங்குநேரிப் பக்கத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டி கந்தக அமிலத்தில் வேகவைத்தால் சர்க்கரை கிடைக்கும், "அமிலம் ஒரு சொட்டும் குறையாது, அடுத்த ஈட்டுக்கு அப்படியே எடுத்துக்கலாம்" என்று பேட்டைக்காரர் நேற்று அடித்துவிட்டதைப் படித்து எரிச்சல் அடங்கவில்லை. கந்தக அமிலம் கலந்த அந்தச் சாற்றை, சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயமாக்கும் ஈஸ்ட் தொடாது ஐயா. சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தாக வேண்டும். 98 கிலோ அமிலத்துக்கு 74 கிலோ நீற்றின சுண்ணாம்பு, கிடைப்பது 172 கிலோ ஜிப்சம்; அமிலம் அதற்குள் போய்விட்டது. எங்கிருந்து திரும்ப எடுப்பீர்?

பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, அமிலம் வினையூக்கி, வினையை முடுக்குமே தவிரத் தான் செலவாகாது. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸோடு சேருவது தண்ணீர்தான், அதனால்தான் 162 கிலோ செல்லுலோஸ் 180 கிலோ குளுக்கோஸ் சர்க்கரை ஆகிறது. 1819இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ கந்தல் துணியிலேயே செய்து காட்டியாச்சு. அமிலம் குறையாது.

தேரிக்காட்டான்:
கொப்பரைக்குள் குறையாது, சரி. வெளியே வந்தபின்?

வள்ளியூரான்:
ரெண்டு பேரும் ரெண்டு முறையைப் பேசுகிறீர்கள். ஜெர்மனியில் ஷோலர் செய்தது நீர்த்த கந்தக அமிலத்தில், 170 டிகிரியை ஒட்டிய சூட்டில். பெர்கியஸ் செய்தது 40 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், சூடே இல்லாமல். அதைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்தார்கள்.

பேட்டைக்காரன்:
பார்த்தீரா! திரும்ப எடுத்தார்கள்.

தேரிக்காட்டான்:
எதைப் பார்க்க? நேற்று நீர் எழுதியது கந்தக அமிலம், இன்றைக்கு வள்ளியூரான் தோளில் ஏறிக்கொண்டு பேச்சை மாற்றுகிறீர். பெர்கியஸ் முறையிலும் பாகோடும் சக்கையோடும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் அமிலம் போகத்தான் செய்யும், இரும்புக் கலனையும் அரித்துத் தின்னும். நீர்த்த அமில முறையிலோ சூடு கொஞ்சம் நீடித்தால் வந்த சர்க்கரையே சிதைந்து ஈஸ்ட்டுக்கு ஆகாத சரக்காகிவிடும். போன வருஷம் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு எதற்குத் தடவுகிறார்கள் என்றே தெரியாமல் என்னோடு மல்லுக்கு நின்றவர்தானே நீர்? புளிக்காமல் இருக்க ஐயா!

உடன்குடியாள்:
பனை நிற்கிற சீமையில் மரத்தூளில் சர்க்கரை எதற்கு? எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு ஈடு உண்டா?

வள்ளியூரான்:
வேம்பார்க் கருப்பட்டியைத் தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உடன்குடியாள்:
வேம்பாரா? சரியாப் போச்சு!

பேட்டைக்காரன்:
பதநீர்க் கதையை எதற்கு இழுக்கிறீர்? ஜிப்சம் வந்தால் தாழையூத்துப் பக்கம் சிமெண்டுக்குப் போகட்டும். அமிலம் குறையாது.

தேரிக்காட்டான்:
சிமெண்டுக்குப் போனபின் அடுத்த ஈட்டுக்கு எது? அந்த 98 கிலோ எங்கே என்று மட்டும் சொல்லும்.