அருணாசலம் ஹோல்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தலவாக்கலைக்காரன்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களுக்கு அருணாசலம் விடுதி எங்கே என்று விளக்கத் தேவையில்லை. கலஹா வீதி, பின்னால் ஹந்தானை மலை, காலை எட்டு மணி வரைக்கும் பனி. 80களின் நடுப்பகுதி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, கம்பஸ் போன முதல் ஆள் நான். அப்பா ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். என்னைத் தூக்க விடவில்லை.

விடுதி வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அருணாசலம்னா யாருப்பா? நம்ம ஆளா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். “இல்லப்பா, யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசன். நமக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல” என்று சொல்லிவிட்டேன். அப்பா “அப்பிடியா” என்றார். அதற்குப் பிறகு படியேறி உள்ளே வரவில்லை. பஸ் வரும் வரைக்கும் வெளியே மரத்தடியிலேயே நின்றார்.

இரண்டாம் வருடம் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது பார்த்தேன். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கியிருக்கிறார். தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போனால், வேலைக்கு வர மறுத்தால், கூலியாளைச் சிறையில் போடலாம் என்று இருந்த சட்டத்தை எதிர்த்துப் பேசியவர். துண்டு முறையைப் பற்றி நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ஆளின் கடனைத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள், அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். அந்த முறை 1921இல் போனது. என் அப்பாவின் தாத்தா அப்படித் துண்டோடு கைமாறி வந்தவர்தான். அப்பாவே எத்தனையோ தடவை எனக்குச் சொன்ன கதை அது.

லீவில் வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போனேன், சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அப்பா இறந்து பதினாறு வருடம் ஆகிறது. “சம்பந்தம் இல்ல” என்ற அந்தச் சொல் மட்டும் தொண்டையில் நிற்கிறது.

மானிப்பாய் மைந்தன்

அண்ணன், மனதைத் தொட்டுவிட்டது. ஆனால் ஒரு திருத்தம். அவரை ‘யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசன்’ என்பது பாதிதான் சரி. குடும்பம் எங்கட மானிப்பாய், அவர் பிறந்தது 1853இல் கொழும்பில். கேம்பிரிட்ஜ் போய்ப் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குள் போன முதல் இலங்கையர். 1901 சனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவர்தான். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். அவரை ஓர் ஊருக்குள் அடக்கக்கூடாது.

இன்னொன்று. விடுதிக்குப் பெயர் வைத்தது தொழிலாளர் விஷயத்துக்காக அல்ல. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் ஒரு சங்கம் அமைத்தார்கள், அதற்குத் தலைவர் இவர். ஜேம்ஸ் பீரிஸ், மாக்கஸ் பெர்னாண்டோ என்று மற்ற விடுதிகளில் பார்க்கிற பெயர்களும் அந்தக் கூட்டத்து ஆட்கள்தான். அவர் கண்ணால் கண்டது 1921இல் கொழும்பில் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரியை மட்டும். 1924இல் தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். பல்கலைக்கழகம் வந்தது 1942இல். பேராதனைக்கு மாணவர் பெருமளவில் வந்தது 1952இல்.

என் சம்பவம் சின்னது. முதல் வாரம், இரவு. ஒரு சீனியர் அண்ணன் நித்திரையால் எழுப்பி “உன்ர விடுதிப் பெயர் யார்?” என்று கேட்டார். சேர் பொன்னம்பலம் ராமநாதனின் தம்பி என்றேன். “தம்பி என்றது ஒரு பதிலா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலே எழுதின அவ்வளவையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் தேடிப் படித்தேன்.

ஹட்டன் டீச்சர்

தம்பி மானிப்பாய், பெயர் எதற்காக வைத்தார்களோ வைக்கட்டும். பெட்டி தூக்கி வந்த மனுசனுக்கு எது முக்கியம் என்பதைத்தானே அண்ணன் எழுதியிருக்கிறார்? அதற்கு ஏன் திருத்தம்?

நான் ஹில்டா ஒபேசேகர விடுதியில் இருந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கூட வந்தவள் காலில் அட்டை ஏறியதைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அட்டைக்கு அல்ல, வீட்டு ஞாபகம். நான் சமாதானம் சொல்லாமல் சிரித்துவிட்டேன். அவள் அடுத்த மாதமே படிப்பை விட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் பிள்ளைகளை அனுப்பப் போகிற பெற்றோருக்குச் சில விஷயம் சொல்கிறேன். மெத்தை விரிப்பு இரண்டு கொடுத்து விடுங்கள், மழை மாதத்தில் ஒன்று காயவே காயாது. தோல் சப்பாத்து வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். நம் ஹட்டன் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் அது கண்டிக்குப் போகிற ரயிலா என்று கேட்டு ஏறுங்கள். கண்டிக்குப் போகாத ரயில் என்றால் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்க வேண்டும். கண்டிப் பக்கம் போகிற ரயில் என்றால் சரசவி உயன நிலையத்தில் நிற்குமா என்று பாருங்கள், அதுதான் கம்பசுக்குக் கிட்ட. பொறியியல் பீடம் கிடைத்த பிள்ளை என்றால் மகாவலிக்கு அந்தப் பக்கம், அக்பர் பாலம் தாண்டி. அப்புறம், பிள்ளைகளுக்கு ஒன்று: முதல் நாள் அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். லயத்துப் பிள்ளைகள் சிலர் வெட்கப்பட்டுப் பெற்றோரை கண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அறை வரைக்கும் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

பழைய அறைத்தோழன்

டீச்சர் கடைசியில் சொன்னது எனக்கும் பட்டது.

என் அறையில் இருந்தவன் ஹங்குரன்கெத்தைச் சிங்களப் பையன். வீட்டிலிருந்து எனக்கு வரும் கடித உறையில் அக்கா தமிழில்தான் விலாசம் எழுதுவார்: அருணாசலம் விடுதி, பேராதனை. அவன் அந்த உறைகளை வைத்து எழுத்துப் பழகினான். ‘ணா’வில் மட்டும் நெடுநாள் தடுமாறினான்.

நாட்டு நிலைமையால் நான் ஒருமுறை மாதக்கணக்கில் ஊரிலேயே நின்றுவிட்டேன். நான் ஊரில் இருப்பது தெரியாமல் வவுனியா மாமா பழைய விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்தபோது என் மேசை லாச்சியில் ஏழு கடிதங்கள், நூலால் கட்டி இருந்தன. விடுதிக்கு வந்த கடிதக் குவியலில் தமிழ் விலாசம் உள்ளதை எல்லாம் அவன் எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறான். மேலே ஒரு தாளில் அவன் கையால், கோணல் மாணலாக, ‘அருணாசலம்’ என்று எழுதியிருந்தான். ‘ணா’ சரியாக இருந்தது.

அவன் அன்றைக்கு அறையில் இல்லை. இறுதிப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் வீட்டு விலாசம் மட்டும் நான் கேட்டு வைக்கவே இல்லை.