தம்பிக்கு 45-க்கு 31 வந்திருக்கு. இது கேம் அடிமைத்தனமா?

ஈரோடு_அக்கா:
என் தம்பிக்கு 19 வயசு, பாலிடெக்னிக் கடைசி வருஷம். ராத்திரி ரெண்டு மணி தாண்டியும் போன்ல பிஜிஎம்ஐன்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஓடுது. "டேய், ரிவைவ் பண்ணுடா"ன்னு அவன் கத்துறது பக்கத்து ரூமுக்குக் கேக்குது. காலையில எழுப்பவே முடியல. அம்மா கட்டிக்கொடுக்கிற டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருது. கபடி கபடின்னு கிடந்தவன் இப்ப கிரவுண்டு பக்கமே போறதில்ல. ரெண்டு அரியர் வேற.

நெட்ல 9 கேள்வி இருக்கிற ஒரு படிவம் கிடைச்சது. அவனே நிரப்பினான், 31 வந்தது. அப்பா போனைப் பிடுங்கி உடைக்கணும்னு நிக்கிறார். 31-ன்னா என்ன அர்த்தம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_உளவியல்:
சகோதரி, அது பான்டெஸ், கிரிஃபித்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட படிவமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மிக அடிக்கடி' என்றால் 5. மொத்தத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலு கேள்விக்கு 4, மீதி ஐந்துக்கு 3 போட்டாலே 31 வந்துவிடும். அதில் ஒரு 5 கூட இருக்காது. ஐந்து கேள்விகளுக்காவது 'மிக அடிக்கடி' என்று பதில் வந்தால்தான் கவலைப்பட வேண்டிய நிலை என்று அந்தப் படிவத்தை உருவாக்கியவர்களே கண்டிப்பான அளவு வைத்தார்கள். எந்தெந்தக் கேள்விக்கு 5 போட்டிருக்கிறான் என்று பாருங்கள்.

எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதை வைத்தும் யாரும் நோய் என்று சொல்வதில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'இத்தனை மணி நேரம்' என்ற பேச்சே கிடையாது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இவற்றால் படிப்போ வேலையோ வீடோ கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் பொதுவாக 12 மாதமாக.

அதனால் நான் முதலில் பார்ப்பது அந்த டிபன் பாக்ஸைத்தான். கடந்த 30 நாளில் எத்தனை நாள் காலேஜுக்குப் போகவில்லை, எத்தனை நாள் போயும் தூங்கி வழிந்தான், குளிக்காமல் சாப்பிடாமல் போன நாள் எத்தனை? அவனையே கேட்டு எழுதுங்கள். நீங்கள் ஒளிந்திருந்து கணக்கெடுக்க வேண்டாம், அவனுக்குத் தெரிந்தால் அதன்பிறகு உண்மை சொல்ல மாட்டான்.

ஸ்குவாட்_லீடர்:
அக்கா, நானும் தினமும் ஆடுறவன்தான். அந்த கேம்ல எரங்கல்னு ஒரு மேப் இருக்கு, அதுல ஒரு மேட்ச்னா அரை மணி நேரம் வரை போகும், நடுவுல பாஸ் பண்ண முடியாது. அந்த நேரத்துல சாப்பிடக் கூப்பிட்டா, ஸ்குவாட்ல, அதாவது நம்ம டீம்ல கூட ஆடுற மூணு பேரை நடுவுல விட்டுட்டு வர மாதிரி. மேட்ச் முடிஞ்சதும் கூப்பிடுங்க. எழுந்து வந்தா ஒரு கணக்கு. "இன்னும் ஒண்ணு"ன்னு மூணு மேட்ச் ஓடினா அது வேற கணக்கு.

ஈரோடு_அக்கா:
நன்றி. நேத்து பக்கத்துல உக்காந்து பேசினேன். ரெண்டு கேள்விக்குத்தான் 5 போட்டிருக்கான். ஒண்ணு, வீட்ல பொய் சொல்றது. இன்னொண்ணு, மனசு சரியில்லாதப்ப அதை மறக்க ஆடறது. 30 நாள்ல காலேஜ் போகாதது 11 நாள்னு அவனே சொன்னான். முட்டியில அடிபட்டுக் கபடியை விட்டது முன்னாடி, இப்படி ராத்திரி முழுக்க ஆட ஆரம்பிச்சது அதுக்கப்புறம். இது எனக்கே இப்பத்தான் தெரியும்.

மதுரை_உளவியல்:
அப்படியானால் அந்த ரெண்டாவது 5-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். கபடி போன வருத்தம் மனச்சோர்வாக மாறியிருக்கலாம். கேமை மட்டும் நிறுத்தினால் அது அப்படியே உள்ளே இருக்கும். அப்பாவிடம் போனைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுக்கு இப்போது பேச நண்பர்கள் இருப்பது அந்த ஸ்குவாடில்தான்.

இந்த வாரமே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். படிவத்தையும் அந்த 11 நாள் கணக்கையும் கையோடு கொண்டு போங்கள். அன்றைக்கே முட்டியையும் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் பேச வேண்டும் போல இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நம்பரை அவன் போனிலும் போட்டு வையுங்கள்.