தூக்கம் ஏன் வேண்டும் என்று 6 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

வணக்கம். ராத்திரி 10.30 ஆனாலும் மகள் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு "நான் தூங்கிட்டா நீங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டபடியே கிடக்கிறாள். தூக்கம் என்றால் அவளுக்கு விளையாட்டிலிருந்து வெளியே அனுப்புகிற மாதிரி. இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கும், படித்தது மனதில் பதியவும் தூக்கம் வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் "தூங்கினாத்தான் உயரமா வளருவே" என்று சொன்னால், காலையில் எழுந்ததும் சுவரில் போட்ட பென்சில் கோட்டில் போய் நின்று பார்த்துவிட்டு "வளரவே இல்லையே" என்று அழுகிறாள். பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்த மனசு வரவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைத்தீர்கள்? சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், ப்ளீஸ்.