சூனியக்காரி குறும்படம்: பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. எங்கே பிழை?

கடற்கரைவீதி:
வணக்கம். பேயும் பகிடியும் கலந்த 22 நிமிடப் படம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டில் மூன்று இரவில் எடுத்தது. காணியைப் பறிகொடுத்துச் செத்த சூனியக்காரி, அந்தக் காணியில் எழும்பிய வீட்டுக்கு வாடகைக்கு வரும் அண்ணன் தம்பியைப் பழிவாங்குகிறாள். போட்டுக் காட்டியபோது ஒருவரும் திடுக்கிடவில்லை. பேயை விரட்டத் தம்பி தேசிக்காய் வெட்டும் இடத்திலும் சிரிப்பில்லை. அவள் மூன்றாம் நிமிடத்திலேயே முழுசாகத் தெரிகிறாள். இருட்டுக் காட்சிகள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன, சுவரில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது, ஷொட்டுக்கு ஷொட்டு பின்சத்தம் மாறுகிறது, கன்னத்து ஜெலற்றின் காயம் வழிகிறது. இன்னும் இரண்டு இரவு எடுக்கக் காசு இருக்கு. எதை முதலில் திருத்துவது?

வெட்டொட்டு:
கமராவுக்கு முதல் கதை. காணியைப் பறித்தவன் வீட்டுக்காரன். அடி வாங்குவது வாடகைக்கு வந்த பொடியன்கள். அவளுடைய கோபம் பிழையான ஆட்களில் இறங்குகிறது, படத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அதையே கதையின் முடிச்சாக்குங்கள். அவள் இவர்களைச் சொந்தக்காரர் என்று நினைக்கிறாள். இவர்கள் நடுச்சாமத்தில் காணி உறுதியைத் தேடி, "நாங்க வாடகைக்கு இருக்கிறம், அம்மா" என்று ஒப்பந்தத்தை நீட்டி நிரூபிக்க வேண்டும். உயிர்ப்பயத்தோடு அவர்கள் அதைச் செய்தால் சிரிப்பு தானாக வரும்.

தேசிக்காய்க் காட்சி விழுந்ததும் இதனால்தான். வெட்டிக்கொண்டே தம்பி பகிடி விட்டால் அவனுக்கே பயமில்லை என்று பார்ப்பவருக்கு விளங்கிவிடும். பிரிட்ஜில் மிஞ்சியது காய்ந்துபோன பாதித் தேசிக்காய் மட்டும் என்று வையுங்கள். அதை எந்தப் பக்கம் வெட்டினால் கழிப்புப் பலிக்கும் என்று அண்ணனும் தம்பியும் நடுங்கிக்கொண்டு வாதாடட்டும். அவள் மட்டும் படம் முழுக்க ஒரு தடவையும் பகிடிக்கு ஆளாகக் கூடாது.

அவளுக்கு ஒரு சட்டமும் வேண்டும். பழைய எல்லைக்கல்லைத் தாண்ட மாட்டாள் என்று வையுங்கள். குசினி எல்லைக்கு உள்ளே, கக்கூஸ் வெளியே. பயம், பகிடி இரண்டுக்கும் அந்த ஒரு கோடு போதும்.

எடிட்டில் 12ஆம் நிமிடம் வரை கை, தலைமயிர், ஈரக் காலடி மட்டும் காட்டுங்கள். பகிடிக்குப் பிறகு கேட்டவன் முகத்தில் 12 பிரேமாவது (அரைச் செக்கன் அளவு) நில்லுங்கள், அப்போதுதான் சிரிக்க இடம் கிடைக்கும். திடுக்கிட வைக்கும் ஷொட்டுக்கு எதிர்மாறு: கண் பிடிக்குமுன் வெட்ட வேண்டும்.

கடற்கரைவீதி:
முடிச்சு விளங்குது, நன்றி. சத்தத்தைத் திரும்பப் பதியாமல் காப்பாற்ற வழி இருக்கா?

காதுகொடு:
பாதி காப்பாற்றலாம். ஷொட்டுக்கு ஷொட்டு மாறுவதற்குக் காரணம், ஒவ்வொரு டேக்கிலும் ரயில், பஸ், அலை வேறு வேறு அளவில் பதிந்திருப்பது. அதே அறையில் ஒருவரும் அசையாமல் ஒரு நிமிட வெறும் சத்தம் பதிந்து, வெட்டுகளுக்கு அடியில் நீளமாக ஓட விடுங்கள். அதன் மேல் மெல்லிய கடல் இரைச்சல் ஒன்று. கதைக்கும் தடங்களில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டினால் தண்டவாள உறுமல் குறையும். வசனத்துக்கு மேலேயே ரயில் ஏறியிருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது. அந்த வரிகளை நடிகரை இருத்தி மறுபடி பதியத்தான் வேணும்.

புதிதாக எடுக்கும்போது ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். வாகனச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். மைக் வாயிலிருந்து 50, 60 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும், பதிவு மீற்றரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். திடுக்கிடும் இடத்தில் சத்தத்தைக் கூட்டுவதை விட, அதற்கு முன் இரண்டு செக்கன் கடலையும் சேர்த்து எல்லாவற்றையும் அணையுங்கள். அந்த வெறுமைதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஒற்றைவிளக்கு:
கோடு ஓடுவது லைட்டால். இங்கே கரண்ட் 50 ஹேர்ட்ஸ். கமராவின் ஷட்டர் நேரம் செக்கனில் 60இல் ஒன்றாக இருந்திருக்கும். செக்கனுக்கு 25 பிரேமில், 50இல் ஒன்றாக வையுங்கள். மலிவான எல்ஈடி பல்பு சில அப்போதும் துடிக்கும், அதை முதல் நாளே சோதித்துக் கழியுங்கள்.

புள்ளிக்குக் காரணம் இருட்டில் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்வு அளவை) ஏற்றியது. தேவைக்கு மேல் லைட் போட்டு எடுத்து, பிறகு எடிட்டில் இறக்குங்கள். பகல் வெளிச்ச நிறமான 5600 கெல்வின் லைட் ஒன்றை யன்னலுக்கு வெளியே உயரத்தில் வைத்து, கமராவின் வைற் பலன்ஸை (நிறச் சமநிலையை) 3200இல் விட்டால் நிலவு நீலம் கிடைக்கும். கமராப் பக்கமிருந்து முகத்துக்கு நேரே லைட் வேண்டாம். உள்ளே சாம்பிராணிப் புகை பிடித்தால் ஒளிக்கதிர் தெரியும். ஈளை உள்ளவர் செட்டில் இருந்தால் புகையை விட்டுவிடுங்கள்.

அரிதாரம்:
ஜெலற்றின் உடற்சூட்டுக்குக் கிட்டவே இளகும். கொழும்பு வேர்வையில் லைட்டுக்குக் கீழே நிற்காது. தோலுக்கென்று விற்கும் திரவ லேற்றெக்ஸும் (இறப்பர் பால்) மெல்லிய ரிசு பேப்பர் துண்டும் மாறி மாறி மூன்று படை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பவுடர். முதல் நாள் முழங்கைக்குள் தடவி ஒவ்வாமை பாருங்கள். புருவத்தில் பட்டால் மயிரோடு வரும், முதலில் வசலின் பூசுங்கள்.

இரத்தத்துக்கு: திரவ குளுக்கோஸ் 250 கிராம், சுடுதண்ணீர் 50 மில்லி, சிவப்புச் சாயம் 2 தேக்கரண்டி, கொக்கோ 1 தேக்கரண்டி, நீலம் ஒரு சொட்டு. குளுக்கோஸும் சாயமும் புறக்கோட்டையில் கேக் சாமான் கடைகளில் எடுக்கலாம். கொக்கோவைத் தண்ணீரில் கரைத்து வடித்துச் சேர்க்காவிட்டால் கட்டி கட்டியாகத் தெரியும். டேக் முடிந்தவுடன் துடைக்காவிட்டால் நிலம் முழுக்க எறும்பு. வெள்ளைச் சீலையில் கறை போகாது, ஒரே மாதிரி இரண்டு வாங்கி வையுங்கள்.