ஜவுளிக்கடைக்கு இரண்டு பெரிய பெட்டியா, 14 சின்ன ஸ்பீக்கரா?

கடலூர்க் கடைக்காரர்:
திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. தரைத்தளம் 80 அடி நீளம், 30 அடி அகலம், 11 அடி உயரம். வாசல் பக்கம் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். பில் போடும் இடத்தில் காது கிழிகிறது. கடைசியில் உள்ள பட்டுப் பிரிவில் பாட்டு ஓடுவதே தெரிவதில்லை. போன ஆடித் தள்ளுபடியில் ஒரு குழந்தை தாயை விட்டுப் பிரிந்துவிட்டது. மைக்கில் மூன்று முறை அறிவித்தோம். பட்டுப் பிரிவில் நின்ற தாய்க்கு ஒன்றுமே கேட்கவில்லை. இதை விடப் பெரிய பெட்டி வாங்கு என்கிறார் ஒருவர், கூரையில் 14 சின்ன ஸ்பீக்கர்களைப் பரப்பு என்கிறார் இன்னொருவர். தீபாவளிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் மைக்செட்:
22 வருடமாக இதே தொழில். 15 அங்குலப் பெட்டி இரண்டு, நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று, வேலை முடிந்தது. கூரையைக் குடைந்து 14 இடத்தில் ஓட்டை போட்டால், கெட்டுப்போகவும் 14 இடம். பரப்புவதற்கென்று 100 வோல்ட் லைன் போடச் சொல்வார்கள், அதாவது ஆம்ப்ளிஃபையரிலிருந்து மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்ளும் முறை. அது திருவிழாவில் தெருத்தெருவாகக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு உரியது. கடைக்குள் போட்டால் பாட்டு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான் கேட்கும்.

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
மைக்செட் அண்ணனின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கடைக்கு அது பொருந்தாது. தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பெட்டியிலிருந்து 10 அடியில் நிற்பவருக்கும் 80 அடியில் நிற்பவருக்கும் இடையே தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது (10, 20, 40, 80), அதாவது வெட்டவெளிக் கணக்கில் 18 டெசிபல். வெறும் மண்டபமாக இருந்தால் சுவர் எதிரொலி கொஞ்சம் ஈடுகட்டும். ஜவுளிக்கடையில் அதுவும் இல்லை. கூரை வரை அடுக்கிய துணிக்கட்டுகள் மேல்ஸ்தாயி ஒலியைக் குடித்துவிடுகின்றன. ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த மேல்ஸ்தாயிதான். உங்கள் அறிவிப்பு அந்தத் தாய்க்கு எட்டாமல் போனது அதனால்தான். பெட்டியைப் பெரிதாக்கினால் முன்னால் இருப்பவரின் காதுதான் இன்னும் கெடும்.

பட்டுப் பிரிவு:
நான் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண். என் தலைக்கு மேல் நான்கு அடியில் ஒரு பெட்டி. "எந்த விலையில் பார்க்கிறீர்கள் அம்மா?" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கத்தித்தான் கேட்கிறேன். இரவு வீட்டில் விளக்கணைத்துப் படுத்த பிறகும் காதில் 'ங்' என்ற ரீங்காரம் நிற்பதில்லை. வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். நாங்கள் பத்து மணி நேரம் அங்கேயே நிற்கிறோம். திட்டம் போடும்போது எங்களையும் நினையுங்கள், ஐயா.

நெல்லிக்குப்பம் மைக்செட்:
தங்கை சொல்வது உண்மை, பெட்டியைத் தலைக்கு மேல் மாட்டுவது தவறு. பரப்பித்தான் ஆக வேண்டும் என்றாலும் 100 வோல்ட் எதற்கு? 8 ஓம் ஸ்பீக்கர் 16 வாங்குங்கள். நான்கு நான்காகத் தொடரில் கட்டி, அந்த நான்கு வரிசைகளையும் இணையாகச் சேர்த்தால் மொத்தம் 8 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம்.

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
கணக்கு சரி. ஆனால் ஒரு வரிசையில் ஒரு ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அறுந்தால் அந்த நான்கு ஸ்பீக்கரும் ஊமை. நாளைக்கு ஒன்றைக் கூட்டினால் கணக்கே மாறும். பில் கவுண்ட்டரில் மட்டும் குறைத்து வைக்கவும் வழியில்லை. 100 வோல்ட் லைனில் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அதில் 6, 3, 1.5 வாட் என்று டேப், அதாவது எவ்வளவு சக்தி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் முனைகள். பட்டுப் பிரிவில் 3, கவுண்ட்டரில் 1.5. ஒரு டேப் இறக்கினால் 3 டெசிபல் குறையும்.

வயரைப் பாருங்கள். 60 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், போக வர 120 மீட்டர், ஏறக்குறைய 2 ஓம். 8 ஓம் சுமையில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 14 ஸ்பீக்கரும் 3 வாட்டில் இருந்தால் மொத்தம் 42 வாட். 100 வோல்ட் லைனில் அது 238 ஓம். அதன் முன் 2 ஓம் ஒரு பொருட்டே இல்லை. அண்ணன் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலேயே 4, 8, 16 ஓம் முனைகளோடு 100 வோல்ட் முனையும் இருக்கும். ரயில் நிலையக் குரலுக்குக் காரணம் குழாய்தான், லைன் இல்லை.

நெல்லிக்குப்பம் மைக்செட்:
முனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலிவு டிரான்ஸ்ஃபார்மரில் மேளச் சத்தம் வந்தால் உறுமுவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
அது நியாயமான குறை. தாழ்ஒலியில் டிரான்ஸ்ஃபார்மரின் சின்ன இரும்புக்கரு காந்தத்தால் நிறைந்துபோகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒதியன்சாலை விடுதி:
குறுக்கே வருகிறேன். எங்கள் விடுதி பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல். அதில் எப்படி ஓட்டை போடுவது?

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
போடவே கூடாது. சுவரில் மாட்டும் பெட்டியோ, உத்தரத்தில் கவ்வி தொங்கவிடும் உருண்டை ஸ்பீக்கரோ போதும்.

கடலூர்க் கடைக்காரர்:
14 என்ற எண்ணிக்கை எப்படி வந்தது? வாசலில் தெருவைப் பார்த்து ஒன்று வைக்கலாமா?

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
கூரை 11 அடி, நிற்பவர் காது 5 அடி, இடையே 6 அடி. 90 பாகை விரியும் ஸ்பீக்கர் காதுமட்டத்தில் 12 அடி வட்டத்தை நிரப்பும். 80 அடியில் ஏழு, இரண்டு வரிசை. 30 அடி அகலத்துக்கு ஓரங்கள் கொஞ்சம் மெலியும். அங்கே அலமாரிதானே இருக்கிறது. மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள், குரல் நடுங்கும். 42 வாட்டோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 60 வாட் ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

தெருப்பக்கம் வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 55. கடைத்தெருவின் இரைச்சலே அந்த அளவைத் தொட்டுவிடும்.

நெல்லிக்குப்பம் மைக்செட்:
ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் என் அனுபவத்தை நம்புங்கள். கடலூர் உப்புக்காற்று. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டிய இணைப்பு இரண்டே மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பிரித்துப் பார்த்தால் வயர் பொடிப்பொடியாக உதிரும். ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கரண்ட் வயர் போகும் குழாயில் இதை நுழைக்காதீர்கள். விழாவுக்கும் மேடைக்கும் என் பெட்டிதான் சரி என்பதில் நான் மாறவில்லை.

கடலூர்க் கடைக்காரர்:
தரைத்தளத்தை மட்டும் இப்போது 100 வோல்ட் லைனில் செய்கிறோம். மாடிகள் பொங்கலுக்குப் பிறகு. அறிவிப்பு வந்தால் பாட்டு தானே அடங்கும்படியான ஆம்ப்ளிஃபையராகப் பார்க்கிறேன். மைக்செட் அண்ணன், வயரிங் அன்று வந்து பற்றவைப்பைப் பார்த்துத் தர முடியுமா?

நெல்லிக்குப்பம் மைக்செட்:
வருகிறேன் தம்பி. கடை அடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை டெக்னீசியன்:
ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன், எல்லா டேப்பையும் 3 வாட்டில் வைத்து, லைனை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, இம்பீடன்ஸ் மீட்டரால் (மாறுமின்சாரத்துக்கு லைன் காட்டும் மொத்த எதிர்ப்பை அளப்பது) அளந்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சுருளின் தடையை மட்டுமே காட்டும். 238 ஓமுக்கு வெகுவாகக் குறைந்தால் ஏதோ ஒரு டேப் தவறு, அல்லது எங்கோ வயர் உரசுகிறது. அது தெரியும் வரை மூட விடாதீர்கள்.