பயாஸ் திரை தெளிவாக இருந்தால் கேபிள் நல்லது என்று யார் சொன்னது?

கெடிலக்கரை:
லாஸ்பேட்டைக்காரன் நேற்று எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முதுநகர்த் தம்பி ஒருவர், புது கிராபிக்ஸ் கார்டு, 1440பி 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர், திரை அவ்வப்போது ஒரு விநாடி கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு இவர், "பயாஸ் திரை (விண்டோஸ் ஏறும் முன் வருவது) வெட்டாமல் வருகிறதா? அப்போ கேபிளில் கோளாறே இல்லை, டிரைவர்தான் (கார்டை இயக்கும் மென்பொருள்), டிடியூ (அதை அடியோடு நீக்கும் கருவி) போட்டுத் துடை" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். பயாஸ் திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடுவது. 60-ல் தாங்குகிற கேபிள் 144-லும் தாங்கும் என்று எந்த ஊரில் சொல்லிக்கொடுத்தார்கள்? விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60-க்கு இறக்கிப் பாருங்கள் தம்பி. வெட்டு நின்றால் கேபிளை மாற்றுங்கள். ஒன்றையும் துடைக்க வேண்டாம்.

லாஸ்பேட்டைக்காரன்:
சார், நான் சர்வீஸ் பார்ப்பது பிழைப்புக்கு. புது கார்டு போட்டவர்கள் பாதிப்பேர் பழைய டிரைவர் மேலேயே புதியதை ஏற்றி வைத்திருப்பார்கள். சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு ஏறும் நிலை) போய், நெட் ஒயரைக் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நமக்கு முன்னால் தன் டிரைவரைப் போட்டுவிடும்), டிடியூ ஓட்டி, சுத்தமாகப் போட்டால் முடிந்தது. அப்புறம், 60-க்கு இறக்கினால் கார்டுக்கும்தான் வேலை குறைகிறது. டிரைவர் கோளாறுகூட அதில் அடங்கிவிடும். அதை வைத்துக் கேபிள் என்று எப்படி அடித்துச் சொல்வீர்கள்?

கெடிலக்கரை:
அடித்துச் சொன்னது நீங்கள். "கேபிளில் கோளாறே இல்லை" என்பது உங்கள் வரி. டிரைவர் தொங்கினால் விண்டோஸ் சும்மா இருக்காது. கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் டிரைவரைத் தானே மறுபடி கிளப்பிவிட்டு ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) 4101 என்று எழுதி வைக்கும். திரை கறுத்த நேரத்துக்கு அந்த 4101 இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. 60-ல் வெட்டுகிறதா என்று கேட்டீர்களா? அதுவும் இல்லை.

உப்பளம்:
டிடியூ எல்லாம் கடைசி மருந்து. முதலில் டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் டிரைவர் (முந்தைய டிரைவருக்குத் திரும்புவது) என்று ஒன்று இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாதா? விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) அழுத்தினால் டிரைவர் அங்கேயே ரீசெட் ஆகும், அதையாவது சொல்லலாம்.

கெடிலக்கரை:
புது கார்டில் ரோல்பேக் செய்ய முந்தைய டிரைவர் எங்கே இருக்கும்? அந்தப் பட்டன் மங்கித்தான் கிடக்கும். 60 ஹெர்ட்ஸில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

முதுநகர்_தம்பி:
அண்ணே, 4101 எதுவும் இல்லை. இன்னொன்று, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதும் சில நேரம் திரை கறுக்கிறது. இது சொல்ல வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் "2.0" என்று போட்டிருக்கிறது, சண்டே மார்க்கெட்டில் வாங்கியது.

லாஸ்பேட்டைக்காரன்:
நாற்காலியா! சரி, இனிமேல் நாற்காலிக்கும் ஒரு டிரைவர் போடச் சொல்வார் கெடிலக்கரையார்.

கெடிலக்கரை:
சிரியுங்கள். கேஸ் லிஃப்ட் வைத்த நாற்காலியில் எழும்போது கிளம்புகிற ஸ்டேட்டிக் மின்சாரம், ஷீல்டிங் (மின் இரைச்சலைத் தடுக்கும் உறை) சரியில்லாத கேபிளில் ஏறினால் திரை ஒரு நொடி போய்விட்டு வரும். சர்வீஸ் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். போன மழைக்கால எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) விவாதத்திலும் இப்படித்தான் சிரித்தார், அதையும் நான் மறக்கவில்லை. தம்பி, கேபிளுக்கு 2.0 என்று வெர்ஷன் கிடையாது, அது போர்ட்டுக்கு உள்ளது. கேபிளில் "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்று இருந்தால் விநாடிக்கு 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்தது. வெறும் "ஹை ஸ்பீடு" என்றால் 10.2-தான், 1440பி 144-க்கு அது காணாது. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். அதற்கு முன்னால் 60-ல் வைத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:
எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் யார் சொன்னது சரி என்று படித்தவர்களுக்குத் தெரியும். சண்டே மார்க்கெட் கேபிள் என்றதும் புதுச்சேரிச் சரக்கே மட்டம் என்று அடுத்து ஆரம்பிப்பீர்கள். கடலூரில் மட்டும் கேபிள் என்ன தங்கத்திலா விற்கிறான்?

தேவனாம்பட்டினம்:
இரண்டு பேருமே கடற்கரை ஊர்க்காரர்கள், உப்புக்காற்றைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. எங்கள் வீட்டு எச்டிஎம்ஐ முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன், தகட்டின் ஓரத்தில் பச்சை ஏறிக் கிடந்தது. கழற்றித் துடைத்து மாட்டினாலே பாதிப் பிரச்சனை போய்விடும்.

உப்பளம்:
நல்ல முனைக்கு முலாம் பூசியிருப்பார்கள், அவ்வளவு சீக்கிரம் பச்சை ஏறாது. முதலில் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா பாருங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் நின்ற வீடுகளில் எர்த் கம்பியை எத்தனை பேர் திரும்பப் பார்த்தார்கள்?

தேவனாம்பட்டினம்:
முலாம் தேய்ந்த பிறகு ஏறும். எங்கள் தெருவில் வந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள். 2011 தானே புயலைப் பார்த்த வீட்டுக்காரனிடம் எர்த் பாடம் எடுக்காதீர்கள்.

கெடிலக்கரை:
எர்த், புயல் எல்லாம் தனியாகத் திரி போட்டுப் பேசுங்கள். பயாஸில் வெட்டவில்லை என்பதற்காகக் கேபிளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தவர் அந்த ஒரு வரியை இன்னும் எடுக்கவில்லை.

லாஸ்பேட்டைக்காரன்:
எடுக்க மாட்டேன். தம்பி, டிடியூ ஓட்டியாச்சா?

உப்பளம்:
தேவனாம்பட்டினம், தெருவுக்கு வருவது இருக்கட்டும். உங்கள் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா, இல்லை உடைத்துவிட்டு மாட்டியிருக்கிறீர்களா?