40,000 ரூபாயில் குறும்படம்: கேமரா வாடகைக்கு எடுப்பதா, போனிலேயே எடுப்பதா?

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு சூளைமேடு, வேலை சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில். மூன்று வருடமாகக் கதை எழுதி எழுதி நோட்டை மூடி வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் ஒன்றையாவது எடுத்தே தீருவது என்று 40,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது.

பத்து நிமிடக் கதை. தாத்தா இறந்து ஒரு வருடம் ஆகிறது, பாட்டி இன்னும் அவர் போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள், அதை நிறுத்தச் சொல்லலாம் என்று பேரன் வருகிறான். இரண்டே பேர். பாட்டியாக நடிக்கப்போவது என் சொந்தப் பாட்டி, 74 வயது, கேமரா முன்னால் நின்றதே இல்லை, ஆனால் அந்த வசனத்தை அவள் சொல்லிக் கேட்டால் எனக்கே தொண்டை அடைக்கிறது. எடுக்கும் இடமும் எங்கள் வீடுதான். ஒரு காட்சி மட்டும் பஸ் ஸ்டாப்பில் வருகிறது, நடுவில் பாட்டி ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறாள்.

சாலிகிராமத்தில் மிரர்லெஸ் கேமராவும் இரண்டு லென்ஸும் மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்துவிடு என்கிறான் நண்பன். அதிலேயே பாதிப் பணம் போய்விடும். என் போனே 4கே எடுக்கிறது, அது போதாதா? சவுண்டைப் பற்றிக் கேட்டால் "டப்பிங்ல பாத்துக்கலாம்" என்கிறான். சரிதானா? லைட் எதுவும் என்னிடம் இல்லை.

பூம்பிடித்தவன் எழுதியது:

நான் ஒன்பது வருடமாகச் சவுண்ட் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். கேமரா வாடகையை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை அப்படியே சவுண்டில் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் முதல் நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். 2015இல் வந்த டாஞ்சரின் என்ற அமெரிக்கப் படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் போன் லென்ஸுக்கு மேல் அகலத்திரைப் படம் தரும் ஒரு அனமார்ஃபிக் அடாப்டர் மாட்டியிருந்தார்கள், குரலைப் போன் மைக்கில் பதியாமல் தனியாகத் தரமான மைக்கில் பதிந்தார்கள். இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

டப்பிங் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். டப்பிங் தியேட்டரில் திரையில் தன் உதட்டைப் பார்த்து, அதே நேரத்தில் அதே உணர்ச்சியோடு திரும்பப் பேசுவது பழகிய நடிகர்களுக்கே சிரமம். 74 வயது பாட்டியை இருட்டறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து "இன்னொரு டேக் பாட்டி" என்றால், உங்கள் தொண்டையை அடைத்த அந்தக் குரல் திரும்ப வராது. அவர் குரலை அந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும், சிங்க் சவுண்ட்தான்.

ஒரு ரெக்கார்டர், உடையில் மாட்டும் ஒரு காலர் மைக், நீளக் கம்பு நுனியில் பிடிக்கும் ஒரு பூம் மைக், மூன்றையும் மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள். முடிந்தால் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமை ஃபிரேமுக்கு மேலே எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே, ஒன்றரை இரண்டு அடிக்குள், வாயைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். பாட்டிக்குக் கஞ்சி போட்ட புடவை வேண்டாம், பட்டும் வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் காலர் மைக்கில் சரசரவென்று விழும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் புடவைதான் சரி. டேக் போகும்போது ஃபேன் நிற்க வேண்டும், ஃபிரிட்ஜும் நிற்க வேண்டும் (ஃபிரிட்ஜை அணைக்கும்போது வீட்டுச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள், கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவீர்கள்). வெறும் சுவர் எதிரொலிக்கும், கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் ஜமக்காளம், போர்வை, மெத்தை என்று இருப்பதைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள், எடிட்டில் வெட்டுக்களை ஒட்ட அதுதான் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து இரவு வரை மணிக்கு ஒருமுறை அந்த அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். காகம், காய்கறி வண்டி ஸ்பீக்கர், தண்ணீர் மோட்டார், குக்கர் விசில், எது எப்போது வருகிறது என்று எழுதுங்கள். ஷெட்யூலை அதை வைத்துப் போடுங்கள்.

ஜன்னலோரம் எழுதியது:

சவுண்டைப் பற்றிச் சொன்னது சரி. லைட்டுக்கு நான் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. சென்னை வெயிலை விடப் பெரிய லைட் யாரிடமும் கிடையாது, நேராக விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள், பாட்டியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், முகத்தின் இருண்ட பக்கத்துக்கு எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட். நிழல் அதிகம் வேண்டுமென்றால் தெர்மாகோலை எடுத்துவிட்டு அங்கே கருப்புத் துணியைப் பிடியுங்கள். வயதான முகத்தின் சுருக்கங்களுக்குப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அவ்வளவு அழகு, எதிரிலிருந்து லைட் அடித்து அதை அழித்துவிடாதீர்கள்.

போனை ஆட்டோவில் மட்டும் விடவே கூடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போன்கள் தானாக நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், ஷட்டரையும் (ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது) இஷ்டத்துக்கு மாற்றும், அப்போது டியூப்லைட் வெளிச்சத்திலும் மலிவான எல்இடி பல்பிலும் சுவரில் வரிவரியாக ஓடும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, இரண்டையும் பூட்டிவிடுங்கள். வொயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பாட்டி திரும்பும்போது சுவர் மஞ்சளாகும், பேரன் பேசும்போது நீலமாகும். பிளாக்மேஜிக் கேமரா என்ற ஆப் இலவசம், ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடும், அதில் இதெல்லாம் கையாலேயே வைக்கலாம். ஜன்னல் வெளிச்சம் 1/50க்கு அதிகமாக இருந்தால் லென்ஸுக்கு முன்னால் கூலிங்கிளாஸ் மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வேண்டும், அதை மட்டும் வாங்குங்கள்.

வடபழனி எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டப்பிங் என்றாலே தப்பு என்பதுபோல் பேசுவது சரியில்லை. தமிழ் சினிமா பல காலம் டப்பிங்கில்தான் நின்றது, இன்றைக்கும் நிறையப் படங்கள் அப்படித்தான் முடிகின்றன. பைலட் டிராக்கை (டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஷூட்டிங்கிலேயே பதியும் குரல்) மட்டும் தெளிவாகப் பதிந்துவைத்தால் பேரன் வசனத்தைப் பிறகு தாராளமாகப் பேசவைக்கலாம். பஸ் ஸ்டாப்பில் சிங்க் சவுண்ட் எடுத்துப் பாருங்கள், ஹாரனைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

பூம்பிடித்தவன் எழுதியது:

பஸ் ஸ்டாப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பேரனுக்கு டப்பிங் செய்தாலும் தப்பில்லை. நான் சொன்னது பாட்டிக்காக.

ஆனால் அந்தக் காட்சி பஸ் ஸ்டாப்பில்தான் நடக்க வேண்டுமா? பொது ரோட்டில் டிரைபாட் வைத்தால் கூட்டம் கூடும், அனுமதிக் கடிதம் எங்கே என்று போலீஸ் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். பேரன் உங்கள் தெரு கேட் ஓரத்தில் நிற்கட்டும், முகம் மட்டும் குளோசப்பில். பஸ் வந்து நிற்கும் பிரேக் சத்தம், கண்டக்டர் விசில், கிளம்பும் இன்ஜின், இதையெல்லாம் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் பக்கம் போய்த் தனியாகப் பதிந்து வாருங்கள். விசில் கேட்டதும் பேரன் தலையைத் திருப்பினால் போதும், பஸ்ஸைக் காட்டவே தேவையில்லை.

எடிட்மேசை எழுதியது:

மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆப்பில் பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா பதிவாகும் என்ற அளவு) 100 எம்பிபிஎஸ் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மூன்று நாளில் நான்கு மணி நேரம் ஓட்டினாலே 180 ஜிபி, அதை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். என் முதல் படத்தில் இரண்டாம் நாள் காட்சிகள் முழுவதும் போயின, உதவிக்கு வந்தவர் காப்பி ஆகிவிட்டது என்று நினைத்துக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டார். நடித்தவர் அதற்குள் வெளியூர் போயிருந்தார். அந்தப் படம் முடியவேயில்லை, இப்போதும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஏறியதா என்று திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழிப்பது, அந்தப் பொறுப்பு ஒரே ஆளுக்கு.

அடுத்து, போனில் இருக்கும் சாதாரணக் கேமரா ஆப்பின் ஃபிரேம் ரேட் நிலையாக நிற்காது, தனி ரெக்கார்டரில் பதிந்த குரல் போகப்போக உதட்டை விட்டு விலகும். மேலே சொன்ன ஆப்பில் 25 என்று வைத்து எடுங்கள், ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா முன்னால் கை தட்டுங்கள், அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், 4கே யூஎச்டி வரை வெளியே எடுக்கலாம்.

கடைசியாக அந்தச் சினிமாப் பாட்டு. முணுமுணுத்தாலும் மெட்டும் வரிகளும் இன்னொருவருடையவை. நம் நாட்டுச் சட்டப்படி கவிஞர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் இறந்த பிறகும் 60 வருடம் இருக்கும். யூடியூபில் காப்பிரைட் க்ளெய்ம் வரலாம், போட்டிகளுக்கு அனுப்பினால் உரிமைக் கடிதம் கேட்பார்கள். பாட்டிக்குத் திருப்பாவை தெரியுமா? இல்லை, உங்கள் அம்மாவைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு?

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இன்றைக்கு ஞாயிறு, பூம்பிடித்தவன் அண்ணா சொன்னபடி காலையிலிருந்து உட்கார்ந்து கேட்டேன். இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீடு, இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. ஆறரைக்குப் பக்கத்து வீட்டு மோட்டார், ஏழு பத்து வரை ஓடுகிறது. எட்டு முதல் பத்து வரை தெருவே கத்துகிறது. பதினொன்றுக்கு மேல் அமைதி, மூன்றரைக்குப் பள்ளிக்கூட வேன். ஆக, வசனம் முழுவதும் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள், காலை வெளிச்சத்தில் பேசாத காட்சிகள் மட்டும்.

கேமரா வாடகையை விட்டாயிற்று. சவுண்டுக்கு 15,000, ஐந்து பேருக்கு மூன்று நாள் சாப்பாடும் பேட்டாவும் 9,000, ஹார்ட் டிஸ்க் 5,000, கடைசி மிக்ஸிங்குக்கு 8,000, மீதி 3,000 தெர்மாகோல், பட்டர் பேப்பர், ஃபில்டருக்கு. பஸ் ஸ்டாப் காட்சியை நேற்று ராத்திரியே கேட்டுக்கு மாற்றி எழுதிவிட்டேன்.

பாட்டியிடம் தாலாட்டு கேட்டேன். முதலில் மறந்துபோச்சு என்றாள், அப்புறம் மத்தியானம் அரிசி களைந்துகொண்டே தானாகப் பாட ஆரம்பித்தாள், நடுவில் என் அம்மா பெயர் வருகிறது. அதைப் போனில் பதிந்திருக்கிறேன், ஆனால் குழாய்த் தண்ணீர் சத்தம் மேலே விழுந்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்துவிட முடியுமா அண்ணா?

பூம்பிடித்தவன் எழுதியது:

முழுசாக எடுக்க முடியாது, எடுத்தால் குரலும் தேய்ந்துவிடும். அதைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் படத்துக்குத் திரும்பப் பதியலாம். அடுத்த சனிக்கிழமை எனக்குக் கால்ஷீட் இல்லை, பதினொன்றுக்கு மைக்கோடு சூளைமேடு வருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். பாட்டியிடம் ரெக்கார்டிங் என்று சொல்ல வேண்டாம், ஊறவைத்த அரிசியைத் தண்ணீர் இல்லாமல் ஒரு முறத்தில் கொடுத்துவிடுங்கள், கை வேலையில் இருந்தால் பாட்டு வரும். பதிந்த பிறகு அவருக்கே போட்டுக் காட்டி, படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுவோம்.